பழைய பி450 போர்டில் பெரிய உலகங்கள்: ஓப்பன் வேர்ல்டு ஆர்பிஜிக்காகக் கணினியை மேம்படுத்தியதன் நீண்டகால அனுபவம்

ரைசன் 5 3600 ப்ராசஸர், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம், ஒரு டிபி ஹார்ட் டிஸ்க், 500 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி). 2019, 2020 வாக்கில் அசெம்பிள் செய்த கேமிங் கணினிகள் பலவற்றின் ஜாதகம் இதுதான். இதே பி450 மதர்போர்டை வைத்துக்கொண்டு என்விஎம்ஈ எஸ்எஸ்டி (போர்டிலேயே செருகும் வேகமான சேமிப்பகம்), 32 ஜிபி ரேம், ரைசன் 7 5800எக்ஸ்3டி, ஆர்டிஎக்ஸ் 4070 என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் விட்சர் 3, சைபர்பங்க் 2077, எல்டன் ரிங், மோட் (ரசிகர்கள் செய்த மாற்றத் தொகுப்பு) போட்ட ஸ்கைரிம் ஆகிய விளையாட்டுகளில் எது எப்போது தேறுகிறது, எது தேறவே இல்லை என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில் ஒரு பிடிவாதமான கருத்து. ஓப்பன் வேர்ல்டு ஆர்பிஜிக்கு, அதாவது பெரிய உலகில் இஷ்டம்போல் சுற்றும் கதாபாத்திர விளையாட்டுக்கு, கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றுகிறவர்களில் நிறைய பேர் காசைத் தவறான இடத்தில் போடுகிறார்கள். காட்டிலும் மலையிலும் சுற்றும்போது கார்டுதான் பாரம் சுமக்கிறது, சரி. ஆனால் விட்சர் 3இல் நோவிகிராடின் ஹையரார்க் சதுக்கத்துக்குள் குதிரையில் நுழையும்போது, சைபர்பங்கின் நைட் சிட்டியில் சந்தைத் தெருவில் காரை விட்டு இறங்கும்போது திக்குகிறதே, அது கார்டின் வேலை அல்ல. ஊருக்குள் நடமாடும் ஒவ்வொரு ஆளும் எங்கே போகிறான், எதைப் பார்க்கிறான், எதன்மீது மோதுகிறான் என்பதை ப்ராசஸர் கணக்குப் போடுகிறது. நாம் நகர நகர அடுத்த தெருவை டிஸ்கிலிருந்து இழுத்து விரித்துக்கொண்டும் இருக்கிறது. 1660 சூப்பரை எடுத்துவிட்டு 4070 போட்டாலும் 3600 அப்படியே இருந்தால் சதுக்கத்தில் அந்தத் திக்கல் அப்படியேதான் இருக்கும்.

எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்க எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருளும் அதோடு வரும் ரிவாட்யூனரும் போதும். திரை ஓரத்தில் ஜிபியு (கார்டு) பயன்பாடு, விரேம் (கார்டின் சொந்த நினைவகம்), ஃப்ரேம்டைம் (ஒரு ஃப்ரேமை வரைய ஆகும் நேரம்) வரைபடம் மூன்றையும் வையுங்கள். எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) எண்ணைவிட ஃப்ரேம்டைம்தான் உண்மை பேசும். 60 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்டு. வரிசையாக 16, 17 என்று வந்துகொண்டிருக்கும்போது நடுவில் ஒரே ஒரு 60 வந்தால் கண்ணுக்குத் தட்டும், சராசரி எஃப்பிஎஸ் மட்டும் அதை மறைத்துவிடும். பிறகு ஊர் நடுவில் நின்றுகொண்டு ரெசல்யூஷனை 720பிக்கு இறக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் அசையவில்லை, ஜிபியு பயன்பாடு 60 சதவீதத்தில் தூங்குகிறது என்றால் ப்ராசஸர்தான் கழுத்தைப் பிடிக்கிறது. "சிபியு 40 சதவீதம்தானே காட்டுகிறது" என்று ஏமாறக் கூடாது. அது எல்லாக் கோர்களின் (ப்ராசஸருக்குள் உள்ள தனித்தனிக் கணக்கு அலகுகள்) சராசரி. விளையாட்டின் முக்கியமான ஒரு திரெட் (வேலைத் தொடர்) ஒரே கோரில் முட்டிக்கொண்டு நிற்பது அந்த எண்ணில் தெரியாது.

எஸ்எஸ்டி பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. சைபர்பங்க் 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட்டோடு எஸ்எஸ்டியைக் கட்டாயமாக்கிவிட்டது, அதே மாதம் வந்த ஸ்டார்ஃபீல்டும் அப்படித்தான். ஹார்ட் டிஸ்கில் ஓட்டினால் கார் வேகமெடுத்ததும் சாலை களிமண் பொம்மைபோல் மொழுமொழுவென்று வரும், விவரங்கள் மூன்று நொடி கழித்து ஒட்டிக்கொள்ளும். அமைப்புகளில் 'ஸ்லோ ஹெச்டிடி மோட்' என்று ஒன்று இருக்கிறது, அது வலி நிவாரணி மட்டுமே. பி450இல் பிசிஐஈ (கார்டும் எஸ்எஸ்டியும் பேசும் பாதை) மூன்றாம் தலைமுறைதான் என்பதால் நான்காம் தலைமுறை எஸ்எஸ்டிக்கு அதிகப் பணம் தர வேண்டாம். கேபிளில் மாட்டும் சாதாரண சாட்டா எஸ்எஸ்டிக்கும் என்விஎம்ஈக்கும் இந்த விளையாட்டுகளில் உள்ள வித்தியாசம் லோடிங் திரையில் சில நொடிகள்தான். ஒரு சிக்கலை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பல பி450 போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட் (என்விஎம்ஈ செருகும் இடம்) தன் வழித்தடத்தைச் சில சாட்டா போர்ட்டுகளோடு பங்குபோட்டுக்கொள்ளும். எஸ்எஸ்டியைச் செருகி ஆன் செய்ததும் பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போனால் அது கெட்டுப்போகவில்லை, வேறு போர்ட்டுக்கு மாற்றினால் வந்துவிடும். போர்டு பெட்டியில் இருந்த குட்டி எம்.2 திருகு தொலைந்திருக்க வாய்ப்பு அதிகம். எஸ்எஸ்டி வாங்கும்போதே கடையில் அதையும் கேட்டு வாங்குங்கள்.

ரேமில் 16இலிருந்து 32க்குப் போவது மோட் போடுகிறவர்களுக்கும், விளையாட்டின் பின்னால் பிரவுசரில் இருபது டேப் திறந்து வைப்பவர்களுக்கும்தான் உதவும். ஒற்றை 16 ஜிபி குச்சியோடு ஓடும் கணினிக்கு அதே அளவில் இரண்டாவது குச்சி போடுவதுதான் பெரிய லாபம். டூயல் சேனல் (இரண்டு குச்சியும் ஒரே நேரத்தில் தகவல் தருவது) வந்ததும் ஊருக்குள் ஃப்ரேம்டைம் தெளிவாக அடங்கும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் சரியான இடம். பயாஸில் (போர்டின் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பி, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் அமைப்பை, ஆன் செய்யாவிட்டால் 3200 வேக ரேம் 2133இலோ 2400இலோ சோம்பேறியாக ஓடிக்கொண்டிருக்கும், வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாது. பழைய இரண்டு குச்சியோடு வேறு கம்பெனியின் இரண்டைச் சேர்த்தால் 3200இல் நிற்காமல் போகலாம். விளையாட்டு காரணமில்லாமல் டெஸ்க்டாப்புக்கு வந்து விழுந்தால் மோட்களைச் சந்தேகிப்பதற்கு முன் ஒரு இரவு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட விடுங்கள்.

ப்ராசஸர் மாற்றம்தான் கதையே

3600இல் 32 எம்பி எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) இருந்தாலும் அது மூன்று கோருக்கு 16, மறு மூன்றுக்கு 16 என்று இரண்டு அறையாகப் பிரிந்து கிடக்கிறது. 2022 ஏப்ரலில் வந்த 5800எக்ஸ்3டியில் எட்டுக் கோருக்கும் பொதுவாக 96 எம்பி. ஊர்மக்கள், கதவுகள், காவலர்கள் என்று சிதறிக் கிடக்கும் தகவலை ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் தேடி எடுக்கும்போது ரேம்வரை போய்வருவது ப்ராசஸருக்கு நெடும்பயணம். அந்தப் பயணம் பாதியில் நின்றுவிடுவதால்தான் கடிகார வேகம் பெரிதாகக் கூடாமலேயே திக்கல் குறைகிறது. சராசரி எண் ஏறுவதைவிட, கீழே விழும் அந்தக் கடைசி ஒரு சதவீத ஃப்ரேம்கள் மேலே வருவதுதான் கையில் உணர முடிகிற மாற்றம். இது இப்போது பெரும்பாலும் பழைய சந்தையில்தான் கிடைக்கும். 5700எக்ஸ்3டி சிக்கினால் அதே 96 எம்பியோடு கொஞ்சம் மெதுவாக ஓடும், தாராளமாக எடுக்கலாம். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது அடிப்பக்கப் பின்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

மாற்றும் வேலையில் இரண்டு இடங்களில் விபத்து நடக்கும். ஒன்று பயாஸ். பழைய 3600 போர்டில் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்ய வேண்டும். புதியதைச் செருகிவிட்டு டிஸ்ப்ளே வரவில்லை என்று உட்கார்ந்தால், பென் டிரைவிலிருந்தே பயாஸ் ஏற்றும் பட்டன் போர்டில் இல்லாத பட்சத்தில், பழையதை மறுபடி மாட்ட வேண்டியதுதான். பென் டிரைவ் ஃபேட்32 வடிவில் இருக்கட்டும், கணினி யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். எழுதிக்கொண்டிருக்கும் ஐந்து நிமிடத்தில் கரண்ட் போனால் போர்டே செங்கல். அப்டேட்டுக்குப் பிறகு எக்ஸ்எம்பி தானாக அணைந்திருக்கும், மறுபடி போடுங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால் ரெகவரி கீயைக் கையில் வைத்துக்கொண்டே தொடங்குங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. ரைசனில் எஃப்டிபிஎம் (ப்ராசஸரோடு வரும் பாதுகாப்புப் பகுதி) காரணமாக அவ்வப்போது ஒரு நொடி எல்லாம் உறைந்து ஒலி கரகரக்கும் கோளாறை ஏஎம்டியே 2022இல் ஒப்புக்கொண்டது. அதற்கான திருத்தம் ஏஜெசா (பயாஸுக்குள் இருக்கும் ஏஎம்டியின் அடிப்படைக் குறியீடு) 1.2.0.7 பயாஸ்களில் வந்தது. விளையாட்டைத் திட்டிக்கொண்டிருந்த பலருக்கு வியாதி அங்கேதான் இருந்தது.

இரண்டாவது விபத்து கூலரைக் கழற்றும்போது. ஏஎம்4 சாக்கெட்டில் ப்ராசஸரை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் சட்டம் கிடையாது. பல வருடப் பழைய தெர்மல் பேஸ்ட் இறுகிப்போய் கூலரோடு சேர்த்து ப்ராசஸரையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், பின்கள் வளையும். பத்துப் பதினைந்து நிமிடம் விளையாட்டை ஓட்டிச் சூடேற்றி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய உடனே கொக்கியை விடுவித்து, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். பேஸ்ட் வழுக்குவது கையில் தெரியும், அதன்பிறகு தூக்குங்கள். நேராக மேலே இழுக்கவே கூடாது. ஒன்றிரண்டு பின் சாய்ந்தால் முனை எடுத்த மெக்கானிக்கல் பென்சிலின் குழாயில் பின்னை நுழைத்து, பொறுமையாக நிமிர்த்தலாம்.

3600ஓடு வந்த ரெய்த் ஸ்டெல்த் கூலர் 5800எக்ஸ்3டிக்குப் போதாது. 90 டிகிரி வரம்பைத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நான்கு ஹீட்பைப், 120 மில்லிமீட்டர் ஃபேன் கொண்ட டவர் கூலர் போதும், வாட்டர் கூலிங் வேண்டாத செலவு. கோடையில் அறையே 35 டிகிரி இருக்கும்போது விளையாட்டில் 80ஐத் தொடுவது இயல்பு, பதற வேண்டாம். கர்வ் ஆப்டிமைசரை (ப்ராசஸரின் வோல்டேஜைக் குறைக்கும் அமைப்பு) பயாஸ் அனுமதித்தால் -30 வரை இறக்கிப் பாருங்கள். இடையில் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆனால் -20க்கு வந்துவிடுங்கள்.

கார்டு, எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ்

கார்டு வாங்குகிறவர்கள் பார்க்காத ஓர் எண் உண்டு: எத்தனை லேன் (போர்டோடு பேசும் தடம்). ஆர்டிஎக்ஸ் 4060 எட்டு லேன் கார்டு. பி450 போர்டின் மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் அதற்குப் பாதி அகலம்தான் கிடைக்கும். 8 ஜிபி விரேம் நிரம்பாதவரை பிரச்சினையில்லை. நிரம்பி, ரேமிலிருந்து டெக்ஸ்சர்களை இழுக்கத் தொடங்கினால் அந்தக் குறுகலான பாதையில் முட்டும். 4070 பதினாறு லேன், 12 ஜிபி. 3060இன் 12 ஜிபி வகையும் பதினாறு லேன்தான். 1080பியே போதும், காசும் குறைவு என்றால் பழைய போர்டுக்கு அதுவே பொருத்தமானது. 1440பி மானிட்டர் இல்லாமல் 4070 வாங்குவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது.

4070 எடுப்பது 200 வாட். என்விடியா பரிந்துரைப்பது 650 வாட் எஸ்எம்பிஎஸ். ஸ்டிக்கரில் உள்ள வாட்டைவிடத் தரம்தான் முக்கியம். கேபினட்டோடு இலவசமாக வந்த 500 வாட்டை நம்பி இந்தக் கார்டை மாட்டாதீர்கள். மாடுலர் (கேபிள்கள் தனியாகக் கழலும்) எஸ்எம்பிஎஸ் மாற்றும்போது சோம்பல்பட்டுப் பழைய கேபிள்களை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றுவதுதான் ஆபத்திலேயே பெரிய ஆபத்து. எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசைக்குப் பொதுத் தரம் கிடையாது, பிளக் கச்சிதமாகப் பொருந்தும், எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்கும் புகைந்துவிடும். பதினாறு பின் கனெக்டர் உள்ள மாடல் என்றால் இடைவெளி தெரியாத அளவுக்கு உள்ளே அழுத்துங்கள், கேபினட் கண்ணாடி அதை உடனே மடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் 600 விஏ யுபிஎஸ் இருந்தால் அது தருவது வழக்கமாக 360 வாட்தான். மானிட்டரையும் சேர்த்தால் விளையாட்டின் நடுவில் கரண்ட் போகும் நேரத்தில் யுபிஎஸ்ஸும் சேர்ந்து படுத்துவிடும். 1000 விஏவுக்கு மேல் பாருங்கள்.

விளையாட்டுக்கு விளையாட்டு

விட்சர் 3இன் 2022 டிசம்பர் அப்டேட்டுக்குப் பிறகு லாஞ்சரிலேயே டைரக்ட்எக்ஸ் 11, 12 என்று கேட்கும். 12இல்தான் ரே டிரேசிங் (ஒளியை நிஜம்போல் கணக்கிடுவது), அது ப்ராசஸரைப் பிழிந்தெடுக்கும். 3600 வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் 11க்குப் போய்விடலாம். 5800எக்ஸ்3டியிலும் நோவிகிராடில் ரே டிரேசிங் போட்டால் திக்கல் தலைகாட்டத்தான் செய்கிறது. இது விளையாட்டின் கோளாறு, காசு கொட்டித் தீர்க்க முடியாது. சைபர்பங்கில் ஃப்ரேம் ஜெனரேஷன் (கார்டே இடைப்பட்ட ஃப்ரேம்களை உருவாக்குவது) உண்மையிலேயே கை கொடுக்கிறது, ஏனென்றால் இடையில் செருகும் ஃப்ரேமுக்கு ப்ராசஸர் உழைக்க வேண்டியதில்லை. ஆனால் அடிப்படை எஃப்பிஎஸ் 50க்குக் கீழே இருந்தால் மவுஸ் ரப்பர்போல் இழுக்கும். முதலில் கிரவுட் டென்சிட்டியை (தெருவில் கூட்டத்தின் அளவு) மீடியமுக்கு இறக்குங்கள்.

எல்டன் ரிங் 60 எஃப்பிஎஸ்ஸில் பூட்டிவைத்த விளையாட்டு. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் புதுக் கார்டும் அதை வேகமாக்காது, இதற்காக மட்டும் மேம்படுத்த நினைப்பவர்கள் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் இதற்கு நேர் எதிர்க் கோமாளித்தனம். அதன் இயற்பியல் ஃப்ரேம் வேகத்தோடு கட்டப்பட்டிருப்பதால், கணினி நன்றாக ஆக ஆக விளையாட்டு கெடும். 144இல் ஓடவிட்டால் தொடக்கக் காட்சியிலேயே மாட்டுவண்டி போன்ற அந்தக் குதிரைவண்டி துள்ளிக் குதிக்கும், வீட்டுக்குள் நுழைந்தால் மேசைத் தட்டுகள் தானாகப் பறக்கும். 60இல் கட்டுங்கள், அல்லது எஸ்எஸ்இ டிஸ்ப்ளே ட்வீக்ஸ் மோட் போடுங்கள். விளையாட்டை ப்ரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்கு வெளியே நிறுவுங்கள். ஸ்டீமில் 'விளையாட்டைத் தொடங்கும்போது மட்டும் அப்டேட்' என்று வைத்து, ஸ்டீம் வழியாக அல்லாமல் எஸ்கேஎஸ்இ (பல மோட்களுக்கு அடிப்படையான துணை நிரல்) லோடர் வழியாகவே திறங்கள். 2021 நவம்பரில் வந்த 1.6 அப்டேட் எஸ்கேஎஸ்இயைச் சார்ந்த மோட்களை ஒரே நாளில் முடக்கியது இதைக் கவனிக்காதவர்களுக்குத்தான். ஸ்கிரிப்ட் உள்ள மோடை விளையாட்டின் பாதியில் நீக்கினால் அதன் எச்சம் சேவ் கோப்பிலேயே தங்கிவிடும், உடனே தெரியாது, முப்பது மணி நேரம் கழித்து ஒரு கதவு திறக்காதபோது தெரியும்.

சேவ் கோப்புகள் கிடக்கும் இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். விட்சர் 3, ஸ்கைரிம் இரண்டும் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள், சைபர்பங்க் 'சேவ்டு கேம்ஸ்' ஃபோல்டரில், எல்டன் ரிங் ஆப்டேட்டாவின் ரோமிங்குக்குள். எல்டன் ரிங்கில் எல்லாக் கதாபாத்திரங்களும் ஒரே கோப்பில், ஆட்டோசேவ் அதையே மேலெழுதிக்கொண்டிருக்கும். ஒன்டிரைவ் டாக்குமென்ட்ஸைத் தானாகத் தூக்கிக்கொண்டு போவதை நிறுத்திவிட்டு, விண்டோஸை மறுபடி நிறுவுவதற்கு முன் இந்த நான்கு ஃபோல்டரையும் பழைய ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து வையுங்கள். எஸ்எஸ்டி வந்த பிறகு அதற்கு வேறென்ன வேலை.