காப்பிரைட் க்ளெய்ம்ஸ் போர்டு: ஓவியர்கள் நம்பிப் போகலாமா?

அமெரிக்காவில் ஒருவர் வரைந்த படத்தை யாரோ சுட்டுச் சட்டையில் அச்சடித்து விற்றால், முன்பு ஃபெடரல் கோர்ட் ஒன்றுதான் வழி. கிடைக்கும் தொகை வக்கீலுக்கே போதாது. அந்தக் குறையைத் தீர்க்க 2020-இல் ‘கேஸ்’ (CASE) என்ற சட்டம் வந்தது. அதன்படி சிறு காப்பிரைட் வழக்குகளை விசாரிக்கும் காப்பிரைட் க்ளெய்ம்ஸ் போர்டு 2022 ஜூனில் செயல்படத் தொடங்கியது. வக்கீல் இல்லாமலே ஆன்லைனில் வழக்காடலாம். கட்டணம் 100 டாலர்: மனுவோடு 40, எதிராளி விலகாமல் வழக்கு நிலைத்தால் மட்டும் மீதி 60. இழப்பீட்டின் உச்சவரம்பு 30,000 டாலர். தனியாளாக உழைக்கும் ஓவியருக்கு இது உண்மையிலேயே பயன்படக்கூடிய சேவை.

ஆனால் படத்தைக் காப்பிரைட் ஆபீஸில் பதியாமல் உள்ளே நுழைய முடியாது. விண்ணப்பமாவது போட்டிருக்க வேண்டும். திருட்டு தொடங்கும் முன்போ, படம் வெளியான 3 மாதத்துக்குள்ளோ பதிந்திருந்தால், நஷ்டத்துக்குக் கணக்குக் காட்டாமலே படத்துக்கு 15,000 டாலர் வரை கேட்கலாம். தாமதித்தால் 7,500தான். ஒருவர் வரைந்த ஒரு படத்தைப் பதிய 45 டாலர். வெளியிடாத படங்களை 10 வரை சேர்த்து 85 டாலருக்குப் பதியலாம். பிரிண்ட் விற்கத் தொடங்கிய படத்தை அந்தத் தொகுப்பில் சேர்க்கக் கூடாது. அதனால் படம் விற்பனைக்குப் போகும் முன்பே பதிந்துவிடுங்கள்.

மனுவில் பலர் சறுக்குவது விவரிக்கும் இடத்தில். “என் படத்தைத் திருடிவிட்டார்கள்” என்று மட்டும் எழுதினால் திருத்தச் சொல்லித் திரும்பி வரும். மூலப் படத்தையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உதாரணமாக, நீங்கள் வரைந்த கிளியின் வால் இறகில் மை சிதறிய புள்ளி நகலிலும் அதே இடத்தில் இருந்தால் அதைச் சுட்டிக்காட்டுங்கள். உங்கள் படம் எங்கே, எப்போதிலிருந்து பார்வைக்கு இருந்தது, நகல் எந்த முகவரியில் எந்தத் தேதியில் தெரிந்தது என்பதையும் எழுதுங்கள்.

மனு ஏற்கப்பட்டதும் எதிராளிக்கு முறைப்படி நோட்டீஸ் சேர்த்து, 90 நாளுக்குள் அதற்கான அத்தாட்சியைத் தாக்கல் செய்ய வேண்டும். வெறும் மின்னஞ்சல் செல்லாது. விற்பவரின் உண்மைப் பெயரும் முகவரியும் தெரியாவிட்டால் இங்கேயே நின்றுவிடும். அவர் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தாலும் அப்படித்தான்.

பெரிய ஓட்டை இனிமேல்தான். நோட்டீஸ் கிடைத்த 60 நாளுக்குள் எதிராளி ‘ஆப்ட் அவுட்’ (விலகல்) படிவம் கொடுத்தால் வழக்கு அங்கேயே முடிந்தது, காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை. கட்டிய 40 டாலர் திரும்பாது. மிஞ்சுவது மறுபடி ஃபெடரல் கோர்ட்தான். கோர்ட்டில் ஜூரி விசாரணை அரசியலமைப்பு உரிமை, போர்டில் ஜூரி கிடையாது என்பதால் இந்த விலகலை ஒரேயடியாக ஒழிப்பது கடினம். போர்டின் அதிகார வரம்பையும் தொகை வரம்பையும் காப்பிரைட் ஆபீஸ் ஆராய்ந்து அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு அறிக்கை தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஓவியர்கள் அங்கே தொகையை உயர்த்தச் சொல்வதைவிட, ஆப்ட் அவுட் கொடுத்தவர் பிறகு கோர்ட்டில் தோற்றால் ஓவியரின் வக்கீல் செலவையும் அவரே ஏற்க வேண்டும் என்று கேட்பது மேல்.