ஏலகிரியா, ஜவ்வாதா, தலக்கோனாவா: வேலூரிலிருந்து இரண்டு நாள் கிளம்புகிறவர்களுக்கு

வேலூரில் வெயிலுக்கும் பஞ்சமில்லை, மலைக்கும் பஞ்சமில்லை. தேசியப் பூங்காதான் கிடையாது. தமிழ்நாட்டில் இருக்கும் ஐந்தும் (கிண்டி, முதுமலை, முக்குருத்தி, ஆனைமலை, மன்னார் வளைகுடா) பழைய வட ஆற்காட்டு எல்லைக்கு வெளியே. அதில் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் கிண்டி, 3 சதுர கி.மீ.கூட இல்லாத நகரக் காடு. பிள்ளைகளுக்கு மான் காட்டலாம், அவ்வளவுதான்.

அதனால் இரண்டு நாள் லீவு சேர்ந்து வந்து, "எங்கயாவது நடந்து, டென்ட் போட்டு, வண்டியில சுத்திட்டு வரலாமா" என்று வீட்டிலோ ஆபீஸிலோ பேச்சு எழுந்தால், அது மூன்று பெயர்களில் வந்து நிற்கும். ஏலகிரி, ஜவ்வாது மலை, ஆந்திர எல்லை தாண்டித் தலக்கோனா. இவற்றில் தலக்கோனா மட்டும்தான் முறைப்படி தேசியப் பூங்கா. 1989இல் அறிவிக்கப்பட்ட, 353 சதுர கி.மீ. பரப்புள்ள ஸ்ரீவெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவுக்குள் அது வருகிறது.

மூன்றையும் பகலை வைத்து ஒப்பிட்டால் சண்டைதான் மிஞ்சும். பகலில் மூன்றிலும் வளைந்து ஏறும் சாலை இருக்கிறது, மழைக்குப் பிறகு ஓர் அருவி இருக்கிறது, ஒரு கோயில் இருக்கிறது, மிளகாய்த்தூள் தடவிய மாங்காய் இருக்கிறது. மாலை 6 மணிக்கு மேல் அங்கே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்பது அங்கேதான் தெளியும்.

டென்ட் பற்றி முதலிலேயே பேசிவிடலாம்

நிறைய பேர் நினைப்பதுபோல, மலையேறி ஒரு சமதளம் பார்த்து, கூடாரம் அடித்து, நெருப்பு மூட்டிப் படுக்க இந்த மூன்றிலும் முடியாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். இரவு தங்குவதும் தீ மூட்டுவதும் அறவே கூடாது. இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் ஒரு சம்பவம் உண்டு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளைத் திறந்து, ஆன்லைனில் பதிவு, உள்ளூர் மலைவாழ் இளைஞர்களே வழிகாட்டி என்று ஒழுங்குபடுத்தியது. வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை, திருப்பத்தூருக்கு உண்டு. கோடையில் தீ அபாயம் கருதிப் பாதைகளை மூடிவிடுவார்கள். மே மாத லீவுக்குத் திட்டம் போடுகிறவர்கள் பதிவு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பையைக் கட்டுவது நல்லது.

அப்படியென்றால் விளம்பரங்களில் வருகிற "டென்ட் ஸ்டே"? அது தனியார் பட்டா நிலம். மாந்தோப்பு நடுவே பத்துக் கூடாரம், பக்கத்தில் கழிப்பறை, இரவு சிக்கன் சுடுவது, ஒன்பது மணிக்கு ஸ்பீக்கர். பிள்ளைகளோடு போனால் அது ஒரு குறையும் இல்லை. ஆனால் காட்டில் தங்கினோம் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

ஏலகிரி

ஏலகிரிக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது: நடக்கவும் காட்டைப் பார்க்கவும் நினைக்கிறவர்களுக்கு இந்த மூன்றில் இதுதான் கடைசி. மற்ற எல்லாருக்கும் இதுதான் முதல்.

வேலூரிலிருந்து சுமார் 90 கி.மீ., அதில் பெரும்பகுதி நாற்கரச் சாலை. பொன்னேரியில் மலைப்பாதை பிடித்தால் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் புலவர், வள்ளல் பெயர்கள்: திருவள்ளுவர், இளங்கோ, கபிலர், ஔவை, பாரி, ஓரி என்று. பின்சீட்டில் பிள்ளைகளைப் பலகை படிக்க விட்டால் வாந்தி வராது, பாடமும் ஆகும். சாலை அகலம், தடுப்புச்சுவர் உண்டு. காட் ரோடு ஓட்டிப் பழகாதவர்கள் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் நம் பக்கம் இல்லை. வண்டி இல்லாதவர்களுக்கும் சிரமமில்லை. ஜோலார்பேட்டையில் ரயில் இறங்கினால் அத்தனாவூர் வரை பஸ்.

நடை என்றால் மங்கலம் கிராமத்திலிருந்து சுவாமிமலை உச்சி, 4,338 அடி. காலையில் ஏறி மதியச் சாப்பாட்டுக்கு இறங்கிவிடலாம். வனத்துறை திறந்த பாதைகளில் இதுவும் ஒன்று. நிலாவூர்ப் பக்கமிருந்து ஜலகம்பாறை அருவிக்கு இறங்குகிற வழி இதைவிடச் சுவையானது. ஆனால் மழை பெய்த மாதங்களில் போனால்தான் அருவி, இல்லாவிட்டால் பாறை.

சமதளம் 1,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மூன்றில் குளிர்ச்சி அதிகம் இங்கேதான். இரவில் என்ன இருக்கிறது? ரிசார்ட் விளக்குகள். சனிக்கிழமை இரவென்றால் பெங்களூரு, சென்னை, ஓசூர் வண்டிகள் அத்தனையும். வயதான அப்பா அம்மா, கைக்குழந்தை, சக்கர நாற்காலி என்று கூட இருந்தால் இதெல்லாம் குறையே இல்லை. நல்ல அறை, சுடுதண்ணி, அவசரத்துக்கு ஒரு மருந்துக்கடை. புங்கனூர் ஏரியில் ஒரு சுற்றுப் படகு. போதும்.

ஜவ்வாது

என் ஓட்டு இதற்குத்தான். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஜவ்வாது ஒரு சுற்றுலாத்தலம் அல்ல. வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று மூன்று மாவட்டங்களில் படர்ந்து கிடக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைத்தொடர். மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை விதைக்கிற, தேன் எடுக்கிற, புளி உலுக்குகிற ஊர்கள் அதில் நிறைய. "ஜவ்வாது மலைக்குப் போனேன், பார்க்க ஒண்ணுமில்ல" என்று சொல்கிறவர்கள் ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டு, கோமுட்டேரியில் படகு ஓட்டிவிட்டுத் திரும்பியவர்கள்.

இங்கே போக வேண்டிய இடம் என்று தனியாக எதுவும் வேண்டாம், சாலையே போதும். வேலூரிலிருந்து கண்ணமங்கலம், சந்தவாசல், போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறுங்கள். அங்கிருந்து காட்டு வழியே காவலூர், அப்புறம் ஆலங்காயம் இறங்கி, வாணியம்பாடி, ஆம்பூர் தொட்டு வீடு. மொத்தம் 200 கி.மீ. சொச்சம். ஏறிய வழியிலேயே இறங்க வேண்டியதில்லை என்பது பெரிய சௌகரியம். ஏலகிரியில் அது கிடையாது. போளூர்ப் பக்கம் ஏறும்போது வறண்ட முட்புதர்க்காடு. மேலே போகப் போக மரங்கள் அடர்ந்து, நடுநடுவே சாமைக் கொல்லையும் பலாமரமும். சீத்தாப்பழ சீசனில் சாலையோரம் கூடைகூடையாக வைத்திருப்பார்கள். பேரம் பேசாமல் வாங்குங்கள், அந்த விலைக்கே கீழே கிடைக்காது.

நடைக்குப் பீமன் மடவு அருவி இருக்கிறது, ஐப்பசி முதல் தை வரை தண்ணீர் பார்க்கலாம். எனக்கு அதைவிடப் பிடித்தது பட்டறைக்காடு, கீழ்செப்பிலிப் பக்கத்துக் கல்திட்டைகள். பெரிய பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல் மூடிய பெருங்கற்கால ஈமச்சின்னங்கள். உள்ளூரில் குள்ளர் வீடு என்பார்கள். ஊர்க்காரர் ஒருவரைக் கூட அழைத்துப் போவதே முறை. அவருக்கு ஒரு வருமானம், நமக்கு வழி தவறாது. கற்கள்மேல் ஏறி நின்று போட்டோ எடுக்கிற பழக்கத்தை மட்டும் கீழேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இரவுக்கு வருவோம். காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 725 மீட்டர் உயரம், நகர வெளிச்சம் எட்டாத இருட்டு, நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் தென்வானத்தையும் நிறையப் பார்க்கலாம். இந்தக் காரணங்களுக்காகவே 1960களில் இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் திறக்கப்பட்டது. யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் உண்டு என்று 1977இல் உலகம் கண்டறிந்தபோது, அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1988இல் இங்கே கண்டுபிடித்த குறுங்கோள் ஒன்றுக்கு ராமானுஜன் பெயர் வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை மாலைகளில் பொதுமக்களை அனுமதிக்கும் வழக்கம் உண்டு. முன்கூட்டியே விசாரித்து, மேகம் இல்லாத நாளாகப் பார்த்துப் போக வேண்டும். வானியலாளர்கள் இருட்டைத் தேடி வந்த மலையில் ஹை பீம் போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள்.

தொலைநோக்கி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அமாவாசையை ஒட்டிய இரவில், மார்கழி, தை மாதங்களில், தங்குமிட வாசலில் பாயைப் போட்டுப் படுத்தால் காட்பாடி மொட்டைமாடியில் ஒருபோதும் தெரியாத வானம் தெரியும். ஏலகிரியின் எந்த ரிசார்ட்டாலும் இதைத் தர முடியாது, எவ்வளவு வாடகை கொடுத்தாலும்.

குறைகளும் உண்டு. தங்குமிடங்கள் குறைவு, வசதியும் சுமார். செல்போன் சிக்னல் வரும், போகும். சில உள்சாலைகள் மழைக்குப் பின் எப்படி இருக்கும் என்று ஊர்க்காரர்தான் சொல்ல வேண்டும். ஒடுகத்தூர்ப் பக்கத்து பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை போன்ற மலைக் கிராமங்கள் ஒழுங்கான சாலைக்கே பல்லாண்டுகள் காத்திருந்தவை. நாம் "ஆஃப் ரோடு" என்று ரசிக்கப் போகிற பாதையில்தான் அவர்கள் பிரசவத்துக்குப் பெண்களைத் தூக்கி வந்தார்கள். பைக் கூட்டமாகப் போய் அங்கே சாகசம் செய்வது எனக்கு உவப்பில்லை.

தலக்கோனா

காடு வேண்டும் என்றால், கேள்வியே இல்லை, இதுதான். சித்தூர், பீலேரு, பாக்கராப்பேட்டை வழியாக ஏறக்குறைய 130 கி.மீ. சேஷாசலம் மலைக்குள் 270 அடி உயரத்திலிருந்து விழும் அருவி, ஆந்திராவிலேயே உயரமானது. மற்ற இரண்டு மலைகளிலும் அருவி என்பது பருவத்துக்கு வரும் விருந்தாளி. இங்கே கோடையிலும் ஓரளவாவது தண்ணீர் இருக்க வாய்ப்பு அதிகம். நடைபாதையில் மரத்துக்கு மரம் தாவிப் படரும் ராட்சதக் கொடிகள், மரமுகட்டில் கட்டிய தொங்குபாலம், தேவாங்கு, மலையணில். செம்மரம் உலகத்திலேயே இயற்கையாக வளர்வது இந்தப் பக்கத்து மலைகளில்தான்.

தங்குவதற்கு வனத்துறையின் சூழல் சுற்றுலா விடுதி உண்டு. இரவில் காட்டுச் சத்தம் கேட்கும், சரி. ஆனால் வெளியே நடமாட முடியாது, நடமாடவும் கூடாது. இதே காட்டின் இன்னொரு பக்கம், திருமலைக்கு ஏறும் அலிபிரி பாதையில், 2023 ஆகஸ்டில் ஒரு சிறுமியைச் சிறுத்தை கொன்றது. கதவைச் சாத்திக்கொண்டு கேட்கிற காடு இது.

இன்னொன்றும் நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். 2015 ஏப்ரல் 7 அன்று இந்த சேஷாசலத்தில் ஆந்திர சிறப்புப் படை சுட்டு 20 தமிழ்த் தொழிலாளர்கள் இறந்தார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றது போலீஸ். போலி மோதல் என்றன மனித உரிமை அமைப்புகள். ஜவ்வாது மலை, அதன் அடிவாரக் கிராமங்களைச் சேர்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். நாம் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும் இந்த இரண்டு மலைகளுக்கும் இடையே கூலிக்குப் போனவர்களின் பாதை ஒன்று உண்டு. தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டியைச் செக்போஸ்டில் நிறுத்தி டிக்கியைத் திறக்கச் சொன்னால் ஆச்சரியப்பட வேண்டாம். வண்டிக் காகிதங்களைக் கையில் வைத்திருங்கள், பாதையை விட்டு விலகி மரங்களுக்குள் போகாதீர்கள், காய்ந்த குச்சியைக்கூட எடுத்து வராதீர்கள்.

பட்டியலில் வராதவை

அமிர்தி அரை நாளுக்குத்தான். சிறிய உயிரியல் பூங்கா, மழைக்காலத்தில் அருவி, வேலூரிலிருந்து 25 கி.மீ. டிபன் பாக்ஸோடு போய் வரலாம். குடியாத்தம், பேரணாம்பட்டை ஒட்டிய கவுண்டின்யா சரணாலயத்தில் யானைகள் இருக்கின்றன. 1980களில் இடம்பெயர்ந்து வந்து தங்கியவை. மோர்தானா அணையைப் பகலில் பாருங்கள், சரி. அந்தி சாய்ந்த பின் அந்தப் பக்கத்துத் தோட்டச் சாலைகளில் சுற்றாதீர்கள். உண்மையான செங்குத்து ஏற்றம்தான் வேண்டும் என்றால் போளூர்ப் பக்கத்துப் பர்வதமலை, 4,560 அடி. கடப்பாரையும் சங்கிலியும் பிடித்து ஏற வேண்டிய பகுதி உண்டு. ஆனால் அது பக்தர்களின் மலை, சுற்றுலாக்காரரின் மலை அல்ல. வனத்துறையின் கட்டுப்பாடுகளை விசாரித்துவிட்டுப் போக வேண்டும்.

ஒரு சனி, ஞாயிறுதான் கையில் இருக்கிறது, கூட வருகிறவர்கள் நடக்கக்கூடியவர்கள் என்றால் ஜவ்வாது. பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் ஏலகிரி, அதுவும் வார நாளில். மூன்று நாள் கிடைத்தால் தலக்கோனாவில் ஓர் இரவு தங்கி, பாக்கராப்பேட்டை கணவாய் வழியே திருப்பதி இறங்கி வரலாம். ஜவ்வாதுக்குப் போகிறவர்கள் போளூரிலேயே டேங்கை நிரப்பி, கொஞ்சம் சில்லறை நோட்டும் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். மேலே தேன் விற்கிற அம்மாவிடம் ஐந்நூறு ரூபாயை நீட்டினால் மீதி இருக்காது.