மாவு புளிப்பதை முகரும் டப்பா: மூன்றாவது கோடையில்

நான்கு வாயு சென்சார்கள், வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் ஒரு சிப், குட்டி விசிறி, அளவுகளைப் படிக்கும் ஆர்டுயினோ என்ற குட்டிக் கணினிப் பலகை. எல்லாம் ஓர் எவர்சில்வர் டப்பாவுக்குள் அடக்கம். இட்லி மாவு புளிப்பதையும் மீன் கெடுவதையும் வாசனையால் அறியக் கட்டியது. சென்னை வெயிலில் மூன்றாவது கோடையாக ஓடுகிறது.

காற்றில் எந்த வாயு எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று இது சொல்லாது. இணையத்தில் கிடைக்கும் நிரல்கள் அப்படி எண்களைக் காட்டும், நம்பாதீர்கள். சென்சாருக்குள் சூடேறிய டின் ஆக்சைடின் மேல் ஒட்டியிருக்கும் ஆக்சிஜனோடு எத்தனால் வினைபுரிந்தாலும் ஹைட்ரஜன் வினைபுரிந்தாலும் மின்தடை இறங்கத்தான் செய்யும். இறக்கியது யார் என்று ஒற்றைச் சென்சாருக்குத் தெரியாது. எம்கியூ-135 என்ற வாயு சென்சாரைக் கார்பன் டை ஆக்சைடு மானி என்று விற்பதுதான் பெரிய வேடிக்கை. அந்த வாயுவுக்கு அகச்சிவப்புச் சென்சார்தான் சரி.

ஆகவே நான்கின் பதில்களையும் சேர்த்து ஒரே வடிவமாகப் பார்க்கிறேன். 1982இல் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் பெர்சாடும் டாடும் மூன்று சென்சார்களை வைத்துக் காட்டிய வழி இது.

மாவில் பலன் அருமை. லியூகோனாஸ்டாக் பாக்டீரியா லாக்டிக் அமிலத்தோடு கொஞ்சம் எத்தனாலும் வெளியிடுகிறது. நான்கில் ஒன்றான எம்கியூ-3 என்ற ஆல்கஹால் சென்சார் அதைப் பிடித்துக்கொள்கிறது. மாவு பொங்கி நிற்பதற்கும் புளித்துப் போவதற்கும் உள்ள வித்தியாசம் வரைபடத்தில் தெளிவாகத் தெரிகிறது. மீனில் திருப்தி இல்லை. கெடும் மீனிலிருந்து எழும் டிரைமெத்திலமின் வாடையை என் மூக்கு உணர்ந்து முகம் சுளித்த பிறகே டப்பா அசைகிறது.

ஈரப்பதம்தான் தீராத தலைவலி. மழை பெய்த மாலையில் காலி டப்பா காட்டும் அளவே மாறிவிடும். ஒவ்வொரு முறையும் முதலில் சுத்தமான காற்றில் அளந்து, அதற்கும் மாதிரிக்கும் உள்ள விகிதத்தை மட்டும் குறித்துக்கொள்வது ஓரளவு கைகொடுக்கிறது. அப்போதும் மாதங்கள் போகப்போக அடிப்படை அளவு நகரும். போன கோடையின் பதிவுகளை இந்தக் கோடையோடு அப்படியே ஒப்பிட முடியாது. தெரிந்த செறிவுள்ள எத்தனால் கரைசலின் ஆவியைக் காட்டி அவ்வப்போது சரிபார்க்க வேண்டும்.

கட்டப்போகிறவர்களுக்கு: புதுச் சென்சாரை ஒரு முழு நாளாவது சூடேற்றிய பிறகே அளவை எடுங்கள். டப்பாவின் ஓரத்தைச் சிலிகோன் பசையால் அடைக்காதீர்கள். அதன் ஆவி சென்சாரின் உணர்திறனை மீளாதபடி கெடுத்துவிடும். சூடேற்றிகள் மின்சாரத்தை நிறையக் குடிக்கும், பேட்டரி தாங்காது. வாயுவாரியான கணக்குத்தான் தேவையென்றால் வாயு குரோமட்டோகிராஃபி (கலவையைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் முறை) உள்ள ஆய்வகத்துக்கு மாதிரியைக் கொடுத்துவிடுங்கள்.