காதலர் தினத்தன்று பாகற்காய் வறுவல்

அடையாறில் நாங்கள் சந்தா கட்டிவரும் சிறிய வாடகை நூலகம், பதின்வயதுப் பிள்ளைகளுக்காகப் பிப்ரவரி 14 அன்று ‘காதலுக்கு விடுமுறை’ என்ற கொண்டாட்டத்தை நடத்தியது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகளை அழைத்துச் சென்றிருந்தேன். கட்டணம் 150 ரூபாய். பெற்றோர் மாடிப்படியருகே உட்கார்ந்திருக்கலாம், உள்ளே வரக் கூடாது என்றார்கள். நான் எட்டிப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சிவப்பு பலூனோ இதய வடிவ கேக்கோ கண்ணில் படவில்லை. தட்டுகளில் பாகற்காய் வறுவலும் கசப்பு சாக்லேட்டும் இருந்தன. வீட்டில் பாகற்காயைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கும் பிள்ளைகள் அங்கே வறுவலைத்தான் முதலில் காலி செய்தார்கள்.

பழைய வார இதழ்களின் தொடர்கதைப் பக்கங்களை நகலெடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்து, வேண்டாத சொற்களைக் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் அடித்துவிட்டு, மிஞ்சுவதைக் கொண்டு காதலே இல்லாத கதையை உண்டாக்கச் சொன்னதுதான் அன்றைய நிகழ்ச்சிகளில் மிகச் சிறந்தது. என் மகளுக்குக் கிடைத்த பக்கத்தில் நாயகன் மழையில் நனைந்தபடி நாயகிக்காக உருகிக்கொண்டிருந்தான். பக்கம் முழுவதும் கறுத்த பிறகு எஞ்சியவை: ‘மழை. பேருந்து வரவில்லை. அவனுக்குப் பசித்தது.’ அதைப் படித்ததும் எழுந்த சிரிப்பு மாடிப்படிவரை கேட்டது.

வினாடி வினாவும் சோடை போகவில்லை. ஒருதலைக் காதலுக்கு இலக்கணத்தில் என்ன பெயர் என்றதும் ‘கைக்கிளை’ என்று மூன்று குரல்கள் வந்தன. பொருந்தாக் காதலான பெருந்திணைக்குத்தான் மௌனம். இந்த இரண்டையும் சேர்த்தே ஏழு திணை என்று தொல்காப்பியம் வகுத்திருப்பதை நூலகர் இரண்டே வாக்கியங்களில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனது எனக்குப் பிடித்திருந்தது.

சறுக்கியது சீட்டுப் பெட்டியில். தாங்கள் கேட்டதிலேயே மிக அசட்டுத்தனமான காதல் வசனத்தைப் பெயர் போடாமல் எழுதிப் போடச் சொல்லி, ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துக் காட்டினார்கள். ஒரே பள்ளியில் படிப்பவர்களுக்குக் கையெழுத்து தெரியாதா? ஒரு சீட்டைப் பார்த்ததுமே முன்வரிசையிலிருந்த இருவர் பின்னால் திரும்பிப் பார்க்க, ஒரு பையன் காது சிவக்க எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான். விளையாட்டு முடியும்வரை திரும்பவில்லை. காதலைக் கேலி செய்யலாம், காதலித்துத் தொலைத்த பிள்ளையைக் கேலிப்பொருளாக்கக் கூடாது என்ற வேறுபாட்டை ஏற்பாட்டாளர்கள் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். வசனங்களை அவர்களே அச்சடித்து வைத்திருந்தால் இந்தச் சங்கடம் நேர்ந்திருக்காது.

பிளஸ் டூ பிள்ளைகள் யாரையும் காணவில்லை. செய்முறைத் தேர்வு நேரத்தில் அவர்களை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

கிளம்பும்போது சீட்டுப் பெட்டியைப் பற்றி நூலகரிடம் சொன்னேன். மறுக்காமல் கேட்டுக்கொண்டு, குறிப்பேட்டிலும் எழுதிக்கொண்டார். அந்தப் பெட்டி இல்லையென்றால் அடுத்த ஆண்டும் மகளை அனுப்புவேன்.