விண்டோஸ் எழாத கணினி: எந்த வழி எதை அழிக்கும்?

அக்கா வீட்டு டெஸ்க்டாப் ஒரு மாலை திடீரென்று படுத்துவிட்டது. நிறுவனத்தின் சின்னம் வரும், அதன்கீழ் புள்ளிகள் சுழலும், பழுதுபார்க்கத் தயாராவதாக ஒரு வரி தோன்றும், திரை இருண்டு மறுபடியும் அதே சின்னம். தெருமுனைக் கடைக்காரரிடம் தொலைபேசியில் கேட்டதற்கு, கணினியைப் பார்க்காமலே "ஃபார்மட் அடித்துவிடலாம்" என்று, அதாவது டிஸ்க்கில் உள்ளதையெல்லாம் அழித்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். எனக்குப் பதறிவிட்டது. அக்கா மகளின் சின்ன வயதுப் படங்கள் முழுவதும் அந்த ஹார்டு டிஸ்க்கில்தான் இருந்தன. வேறெங்கும் பிரதி கிடையாது.

விண்டோஸ் எழாதபோது நம் கையில் நான்கைந்து வழிகள் இருக்கின்றன. எது சீக்கிரம் முடியும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எது எதை அழிக்கும் என்று முதலில் கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

திரையில் எதுவுமே வராமல் பீப் ஒலி மட்டும் கேட்டால், கோளாறு விண்டோஸுக்கு முன்பே இருக்கிறது. மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ரேம் எனும் நினைவகப் பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை ரப்பரால் மெதுவாகத் துடைத்து மாட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் தேதி பழைய ஆண்டுக்குத் தாவினால், மதர்போர்டில் நாணயம்போல் இருக்கும் சிஆர்2032 பேட்டரியை மாற்ற வேண்டும். சின்னம் வரை வந்து அதற்குமேல் சிக்கும் கணினிக்கே இனி வரும் ஒப்பீடு.

எழும் முயற்சி அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை தோற்றால், நீலத் திரையில் பட்டியல் தானாகவே வரும். அதிலுள்ள ஸ்டார்ட்அப் ரிப்பேர், விண்டோஸ் எழத் தேவையான பூட் கோப்புகள் சிதைந்திருந்தால் சரிசெய்யும். சொந்தக் கோப்புகளைத் தொடாது. அப்டேட் நடக்கும்போது மின்சாரம் போய்விட்ட கணினிக்கு இதை ஒரு தடவை முயலலாம். ஒரு தடவை போதும்; அதே பதிலுக்காகப் பத்துத் தடவை ஓட்டுவதில் பயனில்லை.

வன்பொருளை இயக்கும் டிரைவரோ புதிதாக நிறுவிய மென்பொருளோ காரணமென்றால், அவசியமானவற்றோடு மட்டும் விண்டோஸை எழுப்பும் சேஃப் மோடு அதைவிட மேல். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. அவற்றில் பலவற்றை ஆட்கள் நேரில் போய் சேஃப் மோடில் திறந்து, குறிப்பிட்ட ஒரு கோப்பை அழித்துத்தான் மீட்டார்கள். எஃப்8 அழுத்தும் பழைய பழக்கம் இப்போது பலிக்காது. நீலப் பட்டியலில் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸுக்குள் போய் 4 என்ற எண்ணை அழுத்த வேண்டும். விண்டோஸின் அமைப்புகளைப் பழைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரெஸ்டோரும் நல்ல வழிதான், முன்பே மீட்புப் புள்ளி உருவாகியிருந்தால். பல வீட்டுக் கணினிகளில் அந்த வசதி அணைந்தே கிடக்கிறது.

உண்மையான போட்டி விண்டோஸையே புதிதாக நிறுவும் ரீசெட்டுக்கும், லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தை ஏற்றிய பென் டிரைவுக்கும் இடையில்தான். ரீசெட்டில் கோப்புகளை வைத்துக்கொள்ளும் தேர்வு இருக்கிறது. அது பலரை ஏமாற்றிவிடுகிறது. படங்களும் ஆவணங்களும் தங்கும், நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ரீசெட் அந்த டிஸ்க்கிலேயே பல ஜிபி எழுதுகிறது. டிஸ்க்கே சாகும் நிலையில் இருந்தால், பாதியில் நின்று விண்டோஸும் இல்லை, கோப்பும் இல்லை என்றாகிவிடலாம்.

பென் டிரைவ் வழியில் விண்டோஸ் பழுதாகவே இருக்கும், கோப்புகள் வெளியே வந்துவிடும். வேறொரு கணினியில் ரூஃபஸ் மென்பொருளைக்கொண்டு 8 ஜிபி பென் டிரைவில் லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டை ஏற்றி, எஃப்12 அல்லது அந்த நிறுவனம் வைத்துள்ள விசையை அழுத்தி அதிலிருந்து எழுப்ப வேண்டும். மின்ட் ஹார்டு டிஸ்க்கில் நிறுவப்படாமலே, பென் டிரைவிலிருந்து ஓடும். முகப்பில் இருக்கும் நிறுவுவதற்கான ஐகானை மட்டும் தொட்டுவிடாதீர்கள். டிஸ்க்கில் உள்ளதைப் பிறர் படிக்க முடியாமல் மறைக்கும் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும்.

அக்கா வீட்டில் இதைத்தான் செய்தேன். வெளி டிஸ்க்கைச் செருகி, படங்களை முதலில் நகலெடுக்கத் தொடங்கினேன். பச்சைப் பட்டை நன்றாக ஓடிக்கொண்டிருந்து ஒரு ஃபோல்டரில் நின்றது. பெட்டிக்குள்ளிருந்து நகம் தட்டுவதுபோல் டிக், டிக் என்று சத்தம். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த ஃபோல்டரைத் தள்ளிவிட்டு மற்றவற்றை எடுத்தேன். மூன்று மணி நேரம் ஆயிற்று. பிறகு மின்ட்டிலேயே இருக்கும் டிஸ்க்ஸ் செயலியைத் திறந்தால், டிஸ்க் விரைவில் செயலிழக்கக்கூடும் என்ற எச்சரிக்கை. ஃபார்மட் அடித்திருந்தாலும் அது பிழைத்திருக்காது.

பழைய டிஸ்க்குக்குப் பதிலாகப் புது எஸ்எஸ்டி வாங்கி மாட்டினோம். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத அந்தப் பழைய பெட்டியை விண்டோஸ் 11 ஏற்காது. மின்ட்டையே நிறுவிக் கொடுத்தேன். பழைய டிஸ்க்கில் சிக்கிய ஃபோல்டரைக் கடைசியாக ஒவ்வொரு படமாக இழுத்தோம். 212 படங்களில் ஒன்பது திறக்கவில்லை.