மலைநாட்டு நூலகம் ஒன்றில் கோஹா: நான்கு வருடப் பாவனைக்குப் பிறகு

இலங்கையின் ஹட்டன் பக்கத்தில் ஒரு சிறிய பொது நூலகத்தில் வேலை செய்கிறேன். 2022 ஆரம்பத்தில் எங்களுக்கு ஒரு பழைய கணனி கிடைத்தது, அதில் கோஹா போட்டோம், அன்றிலிருந்து அதைத்தான் பாவிக்கிறேன். அதை எப்படி நிறுவுவது என்று சொல்லும் குறிப்புகள் நிறைய இருக்கின்றன. தமிழ்ப் புத்தகங்களே அதிகமாக உள்ள நூலகத்தில் வருடக்கணக்கில் பாவித்தவர்கள் எழுதியது என் கண்ணில் படவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: கோஹா என்பது இலவச நூலக மென்பொருள். பட்டியலாக்கம், இரவல், அங்கத்தவர் விவரம் எல்லாம் அதற்குள்ளேயே. நியூசிலாந்தில் ஒரு சிறிய நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000 ஜனவரியில் பாவனைக்கு வந்தது. மாவோரி மொழியில் அந்தச் சொல்லுக்கு அன்பளிப்பு என்று பொருள்.

எங்களுக்குக் கிடைத்த பயிற்சி இரண்டு நாள். பொறுமையாகத்தான் சொல்லித் தந்தார்கள், ஆனால் காட்டிய உதாரணம் எல்லாம் ஆங்கிலப் புத்தகம். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். இலக்கத்தைக் கொடுத்தால், நூலகங்கள் பதிவுகளைப் பரிமாறும் இசட் 39.50 என்ற முறை வழியாக வெளிநாட்டு நூலகத்திலிருந்து முழுப் பதிவும் வந்து இறங்கும், ஒரு நிமிடம் கூட ஆகாது. அதைப் பார்த்து மூன்று மாதத்தில் எல்லாம் முடியும் என்று நம்பிவிட்டேன். திரும்பி வந்து எங்கள் அலுமாரியைத் திறந்தால் பாதிப் புத்தகத்தில் ஐ.எஸ்.பி.என். இலக்கமே இல்லை. 955, 624 என்று இலங்கை இலக்கம் உள்ள தமிழ்ப் புத்தகங்களும் வெளியே அரிதாகத்தான் அகப்பட்டன. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் கிடைத்தாலும் தலைப்பு ரோமன் எழுத்தில், மேலே கீழே புள்ளியும் கோடும் போட்டு வரும். எங்கள் வாசகர் யாரும் அப்படித் தேட மாட்டார்கள். ஆக, ஒவ்வொரு புத்தகமாகக் கையால்தான் ஏற்ற வேண்டியிருந்தது.

அந்த வருடம் மின்வெட்டு வேறு. மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை போனது. கரண்ட் இருக்கும்போது கணனியில் ஏற்றுவேன், இல்லாதபோது ஜன்னலோரம் உட்கார்ந்து அடுத்த தட்டின் விவரங்களைக் கொப்பியில் எழுதி வைப்பேன். கோஹா எங்கள் நூலகத்துக்குள் உள்ள கணனியிலேயே ஓடுவதால் இணையம் இல்லாவிட்டாலும் வேலை நிற்காது, மழைக்குச் சிக்னல் போனாலும் இரவல் கொடுக்கலாம். தோட்டப் பகுதியில் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். வெளியே எங்கோ ஒரு சேர்வரில் வைத்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால், உங்கள் இடத்து இணையத்தை முதலில் யோசியுங்கள்.

உண்மையான சிக்கல் எழுத்துருவில்தான் வந்தது. எனக்கு முன்பிருந்தவர் சிரமப்பட்டு இரண்டாயிரம் புத்தகங்களை எக்செல்லில் அடித்து வைத்திருந்தார், எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில். பாமினியில் அம்மா என்று தெரிவது, உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். எழுத்துருவை எடுத்துவிட்டால் சொல்லே போய்விடும். எழுத்துரு மாற்றியில் போட்டு, எந்தக் கணனியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட் ஆக்கினோம், தமிழ் வந்தது, ஆனால் இடையில் இருந்த ஆங்கிலத் தலைப்புகளும் சேர்ந்து தமிழெழுத்துக் குவியலாகிவிட்டன. அவற்றைப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்துத் திருத்தினேன். பாமினி விசையில் விரல் பழகியவர்கள் அதை விட வேண்டியதில்லை. என்.எச்.எம். ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் அதே விசைகளில் அடித்தால் யூனிகோடாக வரும். நான் இன்றும் அப்படித்தான் அடிக்கிறேன்.

சரி, முடிந்தது என்று நினைத்திருந்த நேரத்தில் உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை வந்து, "மிஸ், கொழுந்து பற்றின அந்தப் புத்தகத்தப் போன கிழமை நானே இங்க பார்த்தேன், கம்பியூட்டர்ல இல்லன்னு வருது" என்றாள். தட்டுக்குப் போனேன், புத்தகம் இருந்தது. பதிவைத் திறந்தேன், கொழுந்து என்று சரியாகத்தான் எழுதியிருந்தது. திரும்பத் தேடினால் இல்லை. இதற்குக் காரணம் தெரிய எனக்கு இரண்டு மாதம் ஆனது. 'கொ' என்ற எழுத்தின் குறியைக் கணனியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பு ஒன்று கால் ஒன்று என்று இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். எங்கள் மாற்றி கொடுத்தது இரண்டாவது, பிள்ளை அடித்தது முதலாவது. 'ஸ்ரீ'யிலும் இதே கதை. அதன் முதலெழுத்துக்கு யூனிகோடில் இரண்டு வழி உண்டு, பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஸ்ரீ லங்கா என்று தொடங்கும் புத்தகங்கள் எங்கள் பட்டியலில் இரண்டு கூட்டமாகப் பிரிந்து கிடந்தன.

பல்கலைக்கழகத்தில் கணனி படிக்கும் ஊர்த் தம்பி ஒருவர் விடுமுறையில் வந்து உதவினார். பதிவுகளை மொத்தமாக வெளியே எடுத்து, எல்லாவற்றையும் ஒரே குறியீட்டுக்கு மாற்றி, மறுபடி ஏற்றினோம். கோஹாவின் செப்ரா தேடுபொறியையும் தமிழ் போன்ற மொழிகளுக்கு ஏற்ற ஐ.சி.யூ. முறைக்கு அவர்தான் மாற்றித் தந்தார். புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் புத்தகத்தை ஏற்றுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். நான் இழந்த இரண்டு மாதம் உங்களுக்கு மிஞ்சும்.

அடுத்தது பெயர். இதில்தான் எனக்கு மனம் அதிகம் ஈடுபட்டது. நம் பெயர்களில் குடும்பப் பெயர் கிடையாது, முதலெழுத்து தகப்பன் பெயர், புத்தகத்துக்குப் புத்தகம் அட்டையில் வேறு மாதிரி அச்சடித்திருப்பார்கள். மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். ஒரு பதிவில் சி. வி., இன்னொன்றில் வேலுப்பிள்ளை, ஆங்கிலப் புத்தகத்தில் ஆங்கில எழுத்தில். மூன்று ஆட்கள் போலக் கிடந்தார். கோஹாவில் ஆளுக்கு ஒரு பெயர்ப் பதிவு வைத்து, மற்ற வடிவங்களை அதற்குக் கீழே 400 என்ற புலத்தில் (பதிவில் உள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் இலக்கம் உண்டு, அதைத்தான் புலம் என்கிறோம்) கொடுக்கலாம். எப்படித் தேடினாலும் அந்த ஒருவரிடமே வந்து சேரும். முந்நூறு பெயருக்கு மேல் இப்படிச் செய்துவிட்டேன், மிச்சத்தை வாரத்துக்குக் கொஞ்சமாகச் செய்கிறேன்.

2023இல், மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 வருடம் ஆனதை நினைவுகூரும் மலையகம் 200 நிகழ்வுகள் நடந்த காலத்தில், வெளியூரிலிருந்தும் ஆட்கள் வந்து தோட்ட மக்கள் வரலாறு இருக்கிறதா என்று கேட்டார்கள். தேயிலை என்று தேடினால் 633.72 என்ற வகுப்பு எண்ணில் உள்ள பயிர்ச்செய்கைப் புத்தகங்கள்தான் வரிசையாக வந்தன. நடும் தண்டுத் துண்டைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் இருந்தது, கொழுந்தெடுத்தவர்களைப் பற்றி ஒன்றும் வரவில்லை. அந்தப் புத்தகங்கள் தட்டில் இருந்தன, பொருள் தலைப்பில் ஒன்றில் இந்தியத் தமிழர் என்றும் ஒன்றில் தோட்டத் தொழிலாளர் என்றும் போட்டிருந்தோம். அன்று இரவே மலையகத் தமிழர் என்ற தலைப்பை முதன்மையாக வைத்து மற்ற இரண்டையும் அதோடு இணைத்தேன். எங்கள் ஆட்கள் தங்களைத் தேடும்போது தாங்கள் சொல்லும் பெயரில் கிடைக்க வேண்டும்.

அப்புறம், இணையத்தில் உள்ள 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2005இல் தொடங்கியது, ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் அங்கே இலவசமாக இருக்கின்றன. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை நினைக்கும் எவருக்கும் அதன் அருமை தெரியும். எங்கள் குளிருக்கும் ஈரத்துக்கும் பூஞ்சணம் பிடித்துப் பக்கம் ஒட்டிப்போன புத்தகங்கள் பல இருக்கின்றன. அவற்றில் ஏதாவது அங்கே இருந்தால் அந்த இணைப்பை எங்கள் பதிவின் 856 புலத்தில் போட்டுவிடுகிறேன். பட்டியலில் அந்த இணைப்பைத் தட்டினால் பிரதி திறக்கும்.

முழுப் புத்தகத்தையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிப் பிள்ளைகள் கேட்பார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 வருடம் வரை உரிமை இருக்கிறது. இதைச் சொல்லி, வேண்டிய பக்கத்தை இங்கேயே இருந்து குறிப்பெடுக்கச் சொல்வேன்.

குறைகளும் இருக்கின்றன. வருடத்துக்கு இரண்டு முறை, மே மாதமும் நவம்பரிலும் புதிய பதிப்பு வரும், உதவிக்கு ஆள் இல்லாமல் நான் ஏற்றுவதில்லை. பார்கோட் ஸ்டிக்கர் ஈரத்தில் கழன்றுவிடுகிறது, இப்போது உள்பக்கத்தில் ஒட்டி மேலே தெளிவான டேப் போடுகிறேன். போனில் குரலால் தட்டச்சு செய்யும்போது தமிழ் (இலங்கை) என்பதைத் தெரிவு செய்தால் தலைப்புகள் நன்றாக வருகின்றன, தோட்டப் பெயர்கள் வருவதில்லை.

இன்னும் தொடாமல் இருப்பது கட்டிய சஞ்சிகைகள், மூன்று அலுமாரி. போன மாதம் ஓர் அம்மா வந்து, தன் தகப்பன் எழுபதுகளில் ஒரு சஞ்சிகையில் கவிதை எழுதியிருந்தார், பெயரைப் போட்டுப் பார்க்க முடியுமா பிள்ளை என்று கேட்டார். சஞ்சிகையின் பெயர் மட்டும்தான் பட்டியலில் இருக்கிறது, உள்ளே எழுதியவர்கள் இல்லை. அவருடைய தொலைபேசி இலக்கத்தை வாங்கி வைத்திருக்கிறேன். எழுபதுகளின் அலுமாரியிலிருந்துதான் தொடங்கியிருக்கிறேன், இதழ் இதழாக, எழுதியவர் பெயரோடு.