நியோ-6எம் ஜிபிஎஸ் மாட்யூல்: தெரு வரைபவர்களுக்கு இது போதுமா?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் நியோ-6எம் மாட்யூலை ஒரு இஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, எஸ்டி கார்டு ரீடர், பழைய பவர் பேங்க் எல்லாவற்றோடும் சேர்த்து போகிற பாதையைப் பதிவு செய்யும் டிராக் லாகராக்கி சைக்கிளில் கட்டி வைத்திருக்கிறேன். யாரும் திருத்தக்கூடிய இலவச வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் எங்கள் பக்கத்துச் சந்துகளை வரைவதற்காக. அந்த வேலைக்கு இதைத் தாராளமாக வாங்கலாம். வழி பார்த்துப் போக மட்டும்தான் என்றால் வேண்டாம், கையில் இருக்கிற போனே அதை நன்றாகச் செய்யும்.

போன் ஒரு நீலப் புள்ளியைக் காட்டும், அந்தப் புள்ளி எப்படி வந்தது என்று சொல்லாது. இந்த மாட்யூலோ நொடிக்கு ஒருமுறை தனக்குத் தெரிந்ததையெல்லாம் என்எம்இஏ என்ற பொது வடிவத்தில் எழுத்து வரிகளாகக் கொட்டிவிடுகிறது: எத்தனை செயற்கைக்கோள், எது எந்தத் திசையில், சிக்னல் எவ்வளவு, எச்டிஓபி (செயற்கைக்கோள்கள் வானில் பரவியிருக்கும் விதத்தால் பிழை எவ்வளவு கூடும் என்ற அளவு, குறைவாக இருந்தால் நல்லது) எவ்வளவு என்று. இந்தச் சிப்பைச் செய்த யூ-பிளாக்ஸ் நிறுவனம் இலவசமாகத் தரும் யூ-சென்டர் மென்பொருளில் மாட்யூலை இணைத்து மொட்டை மாடியில் வைத்துப் பாருங்கள், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போகும் செயற்கைக்கோளின் சிக்னல் கோடு குட்டையாவது கண்ணுக்கே தெரியும். எனக்கு இதில் உள்ள சந்தோஷமே அதுதான்.

வயரிங் சுலபம். 9600 பாட் வேகம், அந்த வரிகளைப் பிரித்துத் தரும் டைனிஜிபிஎஸ்++ லைப்ரரி, அவ்வளவுதான். சிப் 3.3 வோல்ட்டில் பேசும், அதனால் ஆர்டுயினோ ஊனோ வைத்திருப்பவர்கள் அதன் டிஎக்ஸ் பின்னிலிருந்து வரும் 5 வோல்ட்டை நேராகக் கொடுக்காமல் இரண்டு ரெசிஸ்டர் போட்டுக் குறைத்துக்கொள்ளுங்கள். லைப்ரரி இல்லாமல் நீங்களே வரியைப் பிரித்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அட்சரேகை 1305.0000 என்று வந்தால் அது 13 டிகிரி 5 நிமிடம், அதாவது 13.0833. அதை 13.05 என்று எடுத்துக்கொண்டால் புள்ளி சுமார் 3.7 கிலோமீட்டர் தெற்கே போய் விழும்.

முதல் ஃபிக்ஸுக்கு, அதாவது இருக்குமிடம் முதல்முறை தெரியவர, பொறுமை வேண்டும். டேட்டாஷீட்டில் 27 நொடி என்று இருக்கும், அது திறந்த வானத்துக்கு. செயற்கைக்கோள் நொடிக்கு 50 பிட் வேகத்தில்தான் பேசுகிறது, தன் பாதை விவரத்தை 30 நொடிக்கு ஒருமுறைதான் திரும்பச் சொல்கிறது. நடுவில் ஒரு மாடி மறைத்தால் அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டியதுதான். அதனால் வீட்டுக்குள் வைத்துவிட்டு மாட்யூல் கெட்டுப்போச்சு என்று முடிவு கட்டாதீர்கள்.

சரி, துல்லியம்? 2.5 மீட்டர் என்று போட்டிருப்பதற்குப் பாதிப் புள்ளிகள் அந்த வட்டத்துக்குள் விழும் என்றுதான் பொருள், மீதிப் பாதி வெளியே. டீக்கடையில் நின்றால் டிராக் நூல்கண்டு மாதிரி சிக்கிக்கொள்ளும், வேகம் மிகக் குறைவாக இருக்கும் புள்ளிகளையும் எச்டிஓபி அதிகமாக இருப்பவற்றையும் நிரலிலேயே கழித்துவிடுவது நல்லது. ஒரே சந்தில் வெவ்வேறு நாட்களில் போன டிராக்குகளை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பைத் திருத்தும் ஜேஓஎஸ்எம் மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் நடுவில் தெரு தெளிவாகத் தெரியும். இதற்குத்தான் இன்றும் டிராக் தேவை. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தே வரைந்துவிடலாமே என்பார்கள், ஆனால் அந்தப் படமே பல இடங்களில் சில மீட்டர் நகர்ந்துதான் இருக்கிறது, வேப்பமரத்துக்கு அடியில் போகும் சந்து அதில் தெரிவதும் இல்லை. படத்தை எவ்வளவு தள்ள வேண்டும் என்பதை இந்த டிராக்குகள்தான் சொல்லும்.

குறை என்றால் வயசுதான். இது எடுப்பது அமெரிக்க ஜிபிஎஸ்ஸின் எல்1 அலைவரிசை சிக்னலை மட்டும். ரஷ்யாவின் செயற்கைக்கோள் அமைப்பான க்ளோனாஸ் கிடையாது, எல்5 அலைவரிசையில் வரும் நம் இந்திய அமைப்பான நாவிக்கும் கிடையாது. உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே ஒரு துண்டு வானம்தான் தெரியும் என்கிற தெருக்களில் இது திணறுகிறது, கோடு எதிர் வீட்டுக்குள் புகுந்து வெளியே வருகிறது. அப்புறம் போலி சிப்கள். எனக்கு ஒரு ஆன்லைன் கடையிலிருந்து வந்த மாட்யூல் யூ-சென்டரில் பதிப்பு எண் கேட்டால் பதிலே தரவில்லை, அதைத் திருப்பி அனுப்பினேன். வாங்கியதும் முதலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

டி.நகர், சௌகார்பேட்டை மாதிரி நெருக்கமான இடங்களில்தான் வரையப் போகிறீர்கள் என்றால் கூடக் கொஞ்சம் கொடுத்து நியோ-எம்8என் வாங்கிவிடுங்கள். க்ளோனாஸையும் சேர்த்தே பிடிக்கும், டைனிஜிபிஎஸ்++ அதற்கும் ஓடும். புறநகர், கிராமம், வயல்வரப்பு என்றால் 6எம் போதும்.